ஒற்றைத் தூண்டில்காரனுக்கு

மகனுக்கு,

இறைவனின் சாந்தி உன் மேல் உண்டாகட்டும். சுகம் விசாரிக்க ஒன்றுமில்லை. நீ முன் வளவில், கல்யாணத்துக்கு வருகிறவர்கள் உட்காரக் கதிரைகளை இறக்குகிறவர்களோடு நிற்கிறாய், உன் குரல் இங்கே கேட்கிறது. எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி எழுதுகிறாள். "வாப்பா கதைக்கிற மாதிரியே எழுதட்டா?" என்று கேட்டாள். வேண்டாம் மகள், பேப்பரில் வருகிற மாதிரி எழுது, அவன் படித்தவன், பிழை இருந்தால் பிழையைப் பார்த்துக்கொண்டு விஷயத்தை விட்டுவிடுவான் என்றேன்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். முகத்தைப் பார்த்தால் நான் நெல் விலையையும் மழையையும்தான் கதைப்பேன். நீயும் "ஓம் வாப்பா" என்று சொல்லிவிட்டு எழும்பிவிடுவாய். இந்த ஐந்து வருடமும் அப்படித்தான் போயிற்று. நம்முடைய வழக்கத்தில் பெண்பிள்ளைதான் வீட்டில் இருப்பாள், ஆண்பிள்ளைதான் கல்யாணம் முடித்து வீட்டை விட்டுப் போவான். வெள்ளிக்கிழமை கல்யாணம் முடிந்ததும் நீ பெண் வீட்டுக்கு, சம்மாந்துறைக்குப் போய்விடுவாய். பஸ்ஸில் ஏறினால் அரை மணித்தியாலப் பயணம்தான். ஆனாலும் பிறகு நீ இங்கே வந்தால் விருந்தாளி. உன் உம்மா உனக்குப் பீங்கானில் தேத்தண்ணி தருவாள். விருந்தாளியிடம் சொல்ல முடியாததை, மகனாக இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

போன மாதம் பெண் அஸ்மியாவின் வீட்டுக்குப் போனோமே, அன்றிலிருந்துதான் எனக்கு மனது சரியில்லை. உன் வருங்கால மச்சான்மார் மூன்று பேரும் என்ன கலகலப்பான பொடியன்கள்! நாட்டில் சண்டை முடிந்து வீதிகள் திறந்ததிலிருந்து அவர்கள் வீட்டில் தங்குவதில்லையாம். ஒருநாள் குளத்தில் குளிப்பு, ஒருநாள் சைக்கிளில் மலையடி வரைக்கும், ஒருநாள் கரப்பந்து. எதிலும் பெரிய கெட்டிக்காரர்கள் இல்லை என்று அவர்களே சொல்லிச் சிரித்தார்கள். சாப்பிட்டு முடிந்ததும் மூத்தவன் உன் கையைப் பிடித்து இழுத்தான்.

"வாங்க மச்சான், குளத்துக்குப் போவம். ஒரு முழுக்கு முழுகிட்டு வருவம்."

"இல்ல, நீங்க போங்க."

"கல்யாணத்துக்கு முந்தியே வீட்டுக் காவலா? அஸ்மியா ஒண்டும் சொல்லமாட்டா, நாங்க கேட்டுத் தாறம்!"

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல."

"அப்ப என்னதான் பழக்கம்? கடக்கரை ஊர்க்காரன், தூண்டில் போடுவீங்கதானே?"

நீ கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருந்தாய். அவர்கள் போனதும் பெண்ணின் வாப்பா, என்னை மூத்த சகோதரனாக மதித்து, என்னிடம் சொன்னார்: "அடக்கமான பொடியன் காக்கா. எங்கட பொடியனுகளப் போல ஊர் சுத்துற ஆள் இல்ல. எனக்கு நல்ல விருப்பம்." நான் தலையை ஆட்டினேன். அது அடக்கமில்லை என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

என் வாலிபத்தில் எனக்கு ஊர் வைத்த பெயர் அச்சாறு. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கலந்தவன். வேளாண்மை வேலை ஓய்ந்தால் என் கால் வீட்டில் நிற்காது. களப்பில் வீச்சு வலை எறிவேன், பாதி நாள் வலை விரியாமல் கட்டியாக விழும். ஆற்றில் நீந்துவேன், காட்டோரம் தேன் எடுக்கப் போய் முகம் வீங்கி வருவேன், பெருநாள் சைக்கிள் ஓட்டத்தில் கடைசிக்கு முதல் ஆளாக வருவேன். ஒன்றிலும் பெயர் எடுத்ததில்லை. போகிற இடமெல்லாம் என்னை விடத் தெரிந்தவன் ஒருவன் இருப்பான். "டேய் அச்சாறு, வலய அப்பிடிப் புடிக்காத, பொண்டாட்டி சீலையா அது?" என்பான். நானும் அவனிடம் கேட்டுக் கேட்டுத்தான் செய்வேன். தமிழர் ஊர்களிலும் சிங்கள ஊர்களிலும் எனக்கு அப்படித்தான் கூட்டாளிகள் கிடைத்தார்கள். மழை வருமா என்பதற்கு ஒரு ஆளிடம், ஆற்றில் முதலை கிடக்கிறதா என்பதற்கு இன்னொரு ஆளிடம் கேட்பேன்.

உனக்கு அந்த ஆறும் காடும் கிடைக்கவில்லை மகன். நீ நடக்கத் தொடங்கிய காலம், வயலுக்குப் போனவர்கள் திரும்பி வராத காலம். மேற்கே போகப் பயம், வடக்கே போகப் பயம். நம்முடைய பிள்ளைகளுக்கு மிஞ்சியது பெரிய வீதிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல்தான். அந்த மணலில் நீ ஒரு தூண்டிலோடு நின்றாய். பள்ளிக்கூடம் விட்டால் அங்கே, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தால் அங்கே. நீ படகில் போனவனில்லை, மீன் விற்றவனுமில்லை. தங்கூசி நூலைத் தலைக்கு மேலே சுழற்றி எறிந்துவிட்டு, விரலில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது உனக்கு ஒரு ஆசை, அவ்வளவுதான். பிடித்ததை என் மூத்த மகள், உன் ராத்தாவின் அடுப்படியில் போட்டுவிட்டுத் திரும்பவும் போய்விடுவாய். வாடைக் காலத்தில் கடல் எந்த வேலி வரை ஏறும், எப்போது இறங்கும், எந்த நிறத் தண்ணீரில் பாரை மீன் வரும், எல்லாம் உனக்கு மனப்பாடம். வேறு ஒன்றும் உனக்குத் தெரியாது. மரம் ஏற மாட்டாய், பந்து விளையாட மாட்டாய். இவ்வளவு கடலோரத்தில் இருந்தும் நீந்தத் தெரியாது. சமாதானம் என்று கொஞ்சம் ஓய்ந்த காலத்தில் நான் உன்னை ஆற்றுக்குக் கூப்பிட்டேன். மீசை முளைத்த பிறகு என்ன நீச்சல் வாப்பா என்று சொல்லிவிட்டாய்.

அதற்காக நாம் இருவரும் எவ்வளவு சண்டை போட்டோம்! உன் ராத்தா ஜெஸீமாவின் வீட்டு வாசலில்தான் எல்லாச் சண்டையும். அவளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடு, பின்னால் நமக்குச் சமைக்க ஒரு சின்னக் குசினியும் படுக்க ஒரு அறையும். அவளுடைய மாப்பிள்ளைக்குக் கட்டார் நாட்டில் வேலை. ஒருநாள் நான் சொன்னேன்:

"ஒண்டையே புடிச்சிட்டு நிண்டா மனிசன் மரமாப் போவான்டா. நாலு எடத்துக்குப் போ, நாலு பேரோட பழகு."

"நீங்க பத்துக் கிணறு தோண்டினீங்க வாப்பா. ஒண்டுலயாவது தண்ணி வந்திச்சா?"

"தண்ணி வராட்டியும் தோண்டத் தெரியும்டா எனக்கு!"

ராத்தா அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு பேரும் பசிச்சா எண்ட கிணத்தடிக்குத்தானே வாற. பேசாம இருந்து தின்னுங்க."

அவள் அப்படித்தான். அவள் சொன்னால் இரண்டு பேருக்கும் வாய் அடைத்துவிடும். வீட்டில் இப்படி உன்னை ஏசிய நான், சந்தித் தேத்தண்ணிக் கடையில் வேறு கதைதான் கதைத்தேன். "எண்ட மகன்ட கேளுங்க, கடல் இண்டைக்கு என்ன செய்யும் எண்டு சொல்லுவான்" என்பேன். ஊரும் கேட்டது. உன் வயதில் என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை.

கடல் ஊருக்குள் ஏறிய அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையைப் பற்றி நாம் கதைத்ததே இல்லை. நான் அங்கே இருக்கவில்லை. தண்ணீர் கட்ட வயலுக்குப் போயிருந்தேன். உன் தங்கச்சி மத்ரஸாவில் இருந்தாள். ஆனால் என்ன நடந்தது என்று உம்மா சொல்லியிருக்கிறாள், பக்கத்து வளவு சைக்கிள் கடைக்காரரும் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். அதனால்தான் நீ என் முன்னால் இருப்பதில்லை.

முதலில் வந்த தண்ணீர் பெரிதில்லை. வேலியைத் தாண்டி, வாசல் படியை நனைத்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. சனங்கள் பயந்து வீதிக்கு வந்தார்கள். சிலர் பெரிய வீதிப் பக்கம் நடக்கத் தொடங்கினார்கள். ராத்தா ஒரு பையில் உடுப்பையும் உம்மாவின் மருந்தையும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். நீ கரையிலிருந்து தூண்டிலோடு வந்தாய். முழங்கால் வரை நனைந்திருந்தாயாம், முகத்தில் சிரிப்பாம். அவள் உன்னிடம் கேட்டாள்:

"தம்பி, என்னடா இது? போவமா, நிப்பமா?"

நீ சொன்னாய்: "இது வாடைக்கடல் ராத்தா. ஒவ்வொரு வருசமும் வேலிக்கு வாறதுதானே. இந்த முறை கொஞ்சம் கூட. வந்த தண்ணி போயிட்டு, இனி வராது. பைய உள்ளுக்கு வைங்க."

அவள் பையை உள்ளே வைத்தாள். போய்க்கொண்டிருந்த நாலைந்து பேர் நின்றார்கள். சைக்கிள் கடைக்காரரின் மனைவி, சமைத்த சோறு நனைந்துவிட்டதா என்று பார்க்கத் திரும்பி உள்ளே போனாள்.

இந்த இடத்தில் உன் தங்கச்சி பேனையை வைத்துவிட்டாள். எழுது மகள் என்றேன்.

பிறகு வந்ததை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. உம்மாவைத் தண்ணீர் பெரிய வீதியில் கொண்டுபோய்ப் போட்டது. நீ ஒரு தென்னையைக் கட்டிக்கொண்டு தப்பினாய். ராத்தாவை நாங்கள் அடுத்த நாள் பின்னேரம், பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த வளவில் கண்டோம். நான்தான் முதலில் கண்டேன். அதற்கு மேல் எழுத வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்கிறேன்.

மையித்து அடக்கத்துக்கு வந்த எல்லோரும் உன்னிடம் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "இறைவனின் ஏற்பாடு தம்பி, நீ என்ன செய்ய?" அகதி முகாமில் பள்ளிவாசல் ஹஸரத் சொன்னார், மாமா சொன்னார், கட்டாரிலிருந்து வந்த மச்சான் அழுதுகொண்டே சொன்னார். நானும் அதை நம்புகிறேன். நம்பாவிட்டால் என்னால் தொழுகைக்கு நிற்க முடியாது. ஆனால் அந்த வார்த்தையால் உனக்கு ஆறவில்லை என்று கண்டேன். ஏனென்றால் நீ சொன்னது பிழைதான் மகன். பிழையில்லை என்று சொல்லி உன்னை ஏமாற்ற எனக்கு வயதில்லை. நீ பொய் சொல்லவில்லை, அலட்சியமாகச் சொல்லவுமில்லை. உனக்குத் தெரிந்த கடலைப் பற்றி நீ சொன்னாய். அது நீ அறிந்த அத்தனை வருடமும் உண்மையாக இருந்தது. அன்று மட்டும் உண்மையில்லை.

சைக்கிள் கடைக்காரர் முகாமில் என் பக்கத்துப் பாயில்தான் படுத்தார். அவருடைய மனைவி போனவள் போனவள்தான். ஒருநாள் தானாகச் சொன்னார்: "எனக்கு உள்ளுக்குள்ள சரியாப் படல்ல காக்கா. காகம் ஒண்டும் கரையில இருக்கல்ல. சொல்லுவம் எண்டு நான் வாயத் திறந்த. ஆனா ஒங்கட மகன் நிண்டான். கடல் தெரிஞ்சவன் நிக்கக்குள்ள, சைக்கிளுக்குக் காத்தடிக்கிறவன் என்ன கதைக்கிற?" அவர் உன்னைக் குறை சொல்லவில்லை. அழவுமில்லை. உன் உம்மாவும் அதே மாதிரி ஒன்று சொன்னாள். தண்ணீர் கிணற்றுக் கட்டைத் தாண்டவில்லையாம், ஆனால் கிணறு உள்ளுக்குள் கலங்கிக் கொதித்ததாம். "நான் சொல்லத்தான் நினைச்ச. பிறகு அவனுக்குத் தெரியாததா எண்டு விட்டுட்ட."

இதைத்தான் நான் ஐந்து வருடமாக உருட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த வாசலில் நின்றவர்கள் ஆளுக்கொன்றைக் கண்டிருக்கிறார்கள். ஒருவர் காகம் இல்லாததை, ஒருத்தி கிணறு கலங்கியதை, ராத்தா தன் நெஞ்சுப் பயத்தை. எல்லாம் ஒரு இடத்தில் சேர்ந்திருந்தால் அது வேறு ஒரு சேதியாக இருந்திருக்கும். சேரவில்லை. தெரிந்தவன் ஒருவன் நின்றதால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். உன்னைத் தெரிந்தவனாக்கி ஊருக்குள் விற்றதில் எனக்கும் பங்கு உண்டு. அதை மறுக்கமாட்டேன்.

நான் அங்கே நின்றிருந்தால் தப்பவைத்திருப்பேனா என்று நீ கேட்கலாம். தெரியாது. நானும் உன் பேச்சைக் கேட்டுப் பையை உள்ளே வைத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நாலு விளையாட்டுத் தெரிந்தவன் மேலானவன், ஒன்றைத் தெரிந்தவன் கீழானவன் என்று தீர்ப்புச் சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. பல இடங்களுக்குப் போய்ப் பிழைவிட்டு, பகிடி வாங்கி வாழ்ந்ததில் எனக்கு ஒரே ஒரு பழக்கம் கிடைத்தது. தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. உனக்கு அந்தப் பழக்கம் வர இடமே இருக்கவில்லை. நின்ற ஒரே இடத்தில் நீதான் கெட்டிக்காரன். அங்கே உன்னைத் திருத்த ஆளில்லை. அது உன் குற்றமில்லை. அந்தச் சண்டைக் காலம் உனக்குக் கொடுத்தது ஒரு துண்டு மணல்.

பிறகு நீ என்ன செய்தாய்? தூண்டிலைத் தொடவில்லை. அதை நான் விளங்கிக்கொள்கிறேன். ஊரே மாதக்கணக்கில் மீன் தின்னவில்லை. ஆனால் நீ மற்ற எல்லாவற்றையும் விட்டாய். கடைக்குப் போவாய், வருவாய், சுவரைப் பார்த்திருப்பாய். சண்டை முடிந்ததென்று ரேடியோவில் சொன்ன நாளில் சந்தியில் பட்டாசுச் சத்தம் கேட்டது. நான் உன்னைப் பார்த்தேன். நீ ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாய். கேட்க வேண்டாம், சொல்ல வேண்டாம், ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவும் வேண்டாம் என்று இருக்கிறாய். முன்பு ஒன்றையே பிடித்துக்கொண்டிருந்தாய். இப்போது அந்த ஒன்றில் விட்ட பிழையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய். பிடி மட்டும் மாறவில்லை மகன். அன்றும் உன் பக்கத்தில் ஒருவரும் வரவில்லை, இன்றும் வரவில்லை.

சம்மாந்துறையில் அது சரிவராது. பெண் வீட்டில் போய் இருக்கிற மாப்பிள்ளை வாய் பேசாதிருந்தால், கொஞ்ச நாள் அடக்கம் என்பார்கள், பிறகு பெருமை என்பார்கள், அதற்குப் பிறகு அஸ்மியாவிடம் "உன்ட மாப்பிள்ளைக்கு என்னவாம்?" என்று கேட்பார்கள். அவளிடம் பதில் இருக்காது. நீயே அவளுக்குச் சொல்லு. ஊரில் யாராவது கல்யாண வீட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டு சொல்லுவதற்கு முதல் சொல்லு. ராத்தா கேட்டதையும் நீ சொன்னதையும் அப்படியே சொல்லு. அவள் அழுதால் அழட்டும். அதைக் கேட்ட பிறகும் உன்னோடு இருக்கிறவள்தான் உனக்கு மனைவி. பயந்து பின்வாங்கினால் அந்தத் துக்கத்தையும் தாங்குவோம், இதை விடப் பெரிதைத் தாங்கியிருக்கிறோம்.

மச்சான்மார் கூப்பிட்டால் போ. பந்து விளையாடப் போய்த் தோற்று வா. குளத்தில் இடுப்பளவுக்கு நின்று கைகாலை அடி, அவர்கள் சிரிக்கட்டும். ஒன்றிலும் கெட்டிக்காரனாக வேண்டாம். உனக்குச் சந்தோசம் வரும் என்று சொல்லமாட்டேன், எனக்கே அது வந்து நாளாயிற்று. ஆனால் உன்னை விடத் தெரிந்தவர்கள் நடுவில் நில். அவர்களிடம் கேள். உன்னிடமும் யாராவது "அப்பிடியில்ல மச்சான், இப்பிடி" என்று சொல்லட்டும். மறுபடி ஒருநாள் மனது தேடினால் தூண்டிலையும் எடு. எடுக்காவிட்டாலும் நான் ஏசமாட்டேன்.

உன் உம்மா உள்ளே இருந்து "எழுதி முடியல்லயா இன்னும், அஸருக்குப் பாங்கு சொல்லப் போறாங்க" என்கிறாள். ஒன்று மிச்சமிருக்கிறது. இறைவன் நாடினால் உனக்குப் பிள்ளைகள் பிறப்பார்கள். அந்த ஊரில் கடல் இல்லை. ஆனாலும் பயம் எங்கேயும் வரும். குளம் உடையப் போகிறது என்பார்கள், காற்று வருகிறது என்பார்கள், சண்டை திரும்பவும் வருகிறது என்பார்கள். ஒரு பெண்பிள்ளை கையில் ஒரு பையோடு வாசலில் வந்து நின்று, "வாப்பா, போவமா, நிப்பமா?" என்று உன்னிடம் கேட்பாள். உனக்குப் பதில் தெரிந்திருக்கும் என்று நீ நினைப்பாய். அப்போதும் அவளிடம் இப்படிச் சொல்லு மகன்: "எனக்குத் தெரியாது மகள். வா, போவம்."

உன் வாப்பா